வாவியைச் சுற்றி ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள்

எங்கள் பகுதிப் பெண்கள் பிரயாணமே செய்வதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறோம். நீதிமன்றத் தவணைக்குப் போகிறோம். ஒரு கையெழுத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு மூன்று தடவை அலைகிறோம். கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறோம். காணாமற்போன கணவனையும் பிள்ளையையும் தேடி எத்தனை முகாம்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் போனோம் என்று கேட்டால் பாதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய தாய்மார் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள்.

ஆனால் "சும்மா பார்த்துவிட்டு வருவோம்" என்று கிளம்பிய நாட்கள் எத்தனை? கோயில் திருவிழாவையும் கதிர்காம யாத்திரையையும் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் பலருக்கு விடை பூச்சியம்.

கடந்த சில வருடங்களாக, நான் வேலை செய்யும் சிறுசேமிப்புக் குழுக்களின் பெண்களோடு மட்டக்களப்பு வாவியைச் சுற்றிப் பல தடவை போய் வந்திருக்கிறேன். மாதாமாதம் சிறுதொகை ஒதுக்கி, வருடம் ஒரு தடவை வான் பிடித்துப் போகும் பிரயாணம் இது. வெளியூர்க்காரருக்கு எழுதப்படும் சுற்றுலாக் கையேடுகள் கோட்டையோடும் பாசிக்குடாவோடும் நின்றுவிடுகின்றன. இங்கே எழுதுவது நமக்காக. எங்கே போகலாம், எங்கே சாப்பிடலாம் என்பதோடு, எங்கே மலசலகூடம் இருக்கிறது என்பதையும் முதலே யோசித்துக் கிளம்ப வேண்டியவர்களுக்காக.

வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் தரை எழுவான்கரை. சூரியன் மறையும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் நெருங்கிக் கிடக்கின்றன. படுவான்கரையில் வயலும் குளமும் மாடும். ஒரு கரையின் சோறு மறு கரையில் விளைகிறது. ஆனாலும் ஆரையம்பதியில் அறுபது வயது தாண்டிய ஒரு மாமி என்னிடம் சொன்னார்: "எங்கட அப்பாட வயல் ஆத்துக்கு அங்காலதான் இருந்த. ஆம்புளைகள் போவாங்க, வருவாங்க. நான் ஒருநாளும் போனதில்ல புள்ள." அவருடைய வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் அக்கரையின் தென்னைகள் தெரியும்.

ஆகவே முதல் நாள் பிரயாணத்தை அக்கரைக்கே வையுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். பகலுக்குள் சுற்றி முடித்துப் பொழுது சாய்வதற்குள் எழுவான்கரை வீதிக்கு வந்துவிட வேண்டும். இது மாமியாருக்குச் சொல்வதற்கான நேரக் கணக்கு அல்ல. படுவான்கரையில் மாலையானால் யானை வீதிக்கு வரும். மாதத்தையும் பார்த்துத் தெரியுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் அப்பக்க வீதிகள் பல தண்ணீருக்குள். மாசி மாதத்தில் போனால் பெரும்போக அறுவடை. வைகாசியில் போனால் கண்ணகி அம்மன் சடங்கு.

வான் பிடிக்கும்போது சாரதியை விசாரித்துப் பிடியுங்கள். எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை முதலே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தேத்தண்ணி குடிக்க நிறுத்துகிற இடமெல்லாம் நமக்கு மலசலகூடம் இல்லாத இடமாகவே இருக்கும். பிரயாணம் என்றால் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்களை எனக்குத் தெரியும். நான்கைந்து இடங்களில் அந்தந்த ஊர் மாதர் சங்கத்தில் ஒருவரோடு முதலே பேசி, அவர்களுடைய கட்டடத்தையோ வீட்டையோ கேட்டு வைத்தால் இந்தப் பயம் போய்விடும். நாங்கள் செய்த ஆயத்தங்களில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

நகரத்தில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. வேறு அலுவலாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம். புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. கச்சேரி நீண்ட காலம் அதற்குள்தான் இயங்கியது. காணி அலுவலாகவோ உதவிப்பணம் கேட்டோ போய் நின்ற நம்மில் பலர் அது கோட்டை என்று நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டோம். கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பாலம் தாண்டினால் சுவாமி விபுலாநந்தரின் சமாதி. கடற்கரைப் பக்கம் திரும்பினால், 2004 சுனாமியில் சரிந்த கோபுரத்தோடு திருச்செந்தூர் முருகன் ஆலயம்.

அந்தக் கரையில் நின்று வீட்டைப் பற்றி ஒரு விடயம் பேசலாம். நாங்கள் ஒவ்வொரு தடவையும் பேசுகிறோம். நமது பகுதியில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருவான். சுனாமி அந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. திராய்மடு போன்ற இடங்களில் புது வீடு கட்டிக் கொடுத்தபோது, "குடும்பத் தலைவர்" என்ற அரசாங்கப் படிவத்தின்படி பல வீடுகளுக்கு ஆண்களின் பெயரே எழுதப்பட்டது. தாயிடமிருந்து வந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்தவள் ஒரு படிவத்தால் கணவனின் வீட்டில் குடியிருப்பவளாகிவிட்டாள். வானில் இருக்கும் பெண்களிடம் "உங்கள் வீட்டு உறுதி யார் பெயரில்?" என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அடுத்தது காத்தான்குடி. தமிழ்ப் பெண்களுக்கு இந்த ஊர் பிரதான வீதியில் உள்ள புடைவைக் கடைகள்தான். நடுவே ஈச்சை மரங்கள் நிற்கும் அந்த வீதியில் இறங்கி, விலை பேசி, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். ஊருக்குள் போகும் ஒழுங்கைகளில் ஒருநாளாவது நடந்தவர்கள் குறைவு. பூர்வீக நூதனசாலையைப் போய்ப் பாருங்கள். பழைய வீட்டுச் சாமான்கள், உடுப்புகள், தொழிற் கருவிகள் என்று வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு வந்த களுதாவளை அக்கா ஒருவர், "இதெல்லாம் எங்கட அம்மம்மா வீட்டிலயும் இருந்ததே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமையில் மட்டும் போக வேண்டாம். ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும்.

2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, இந்த ஊரைப் பிரயாணத்தில் சேர்க்க வேண்டாம் என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொன்னார்கள். காத்தான்குடிச் சகோதரிகளும் வானில் ஏறத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தோடேயே ஏறிய ஒரு பிரயாணத்தில்தான் குடியைப் பற்றிப் பேச்சு வந்தது. "உங்களுக்கும் குடி இரிக்கா?" என்று ஒரு தமிழ்ப் பெண் ஆச்சரியமாகக் கேட்டார். இருக்கிறது. அங்கேயும் அது தாய்வழியாகத்தான் போகிறது. வயிற்றுவார் என்ற சொல்லும் இரு பக்கத்துக்கும் பொது. இதை நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் புத்தகங்களில் படித்தேன். அவர்கள் ஆரையம்பதி தாண்டுவதற்குள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். கோயிலில் குடிக்காக நிற்கும் வண்ணக்கரும், பள்ளிவாசலில் நிற்கும் மரைக்காரும் ஏன் ஆண்களாகவே இருக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வியும் வானுக்குள்ளிருந்தே வந்தது. சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆரையம்பதி கழிந்ததும் வலப்பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம். 2014இல் திறந்தார்கள். அதற்கு முன்னர் இந்தத் துறையில் பாதைதான் ஓடியது. வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பேச்சில் பாதை என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான படகும் பாதைதான். பிரசவ வலியோடு இரவில் துறையில் காத்திருந்த கதைகள் படுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் உண்டு. 2007 வரை இந்தக் கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், துறைக்கு முன்னால் சோதனைச்சாவடி வரிசையும் இருந்தது. இப்போது வானில் பாலத்தைக் கடக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து கடவுங்கள். காற்று நன்றாக அடிக்கும்.

பாலம் தாண்டினால் மகிழடித்தீவு. 1987 ஜனவரியில் இறால் பண்ணையிலும் 1991 ஜூனில் ஊருக்குள்ளும் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். நினைவுத்தூபி இருக்கிறது. இதே வாவியின் மறு கரையில், 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்திய மாதம் குருக்கள்மடத்தில் கல்முனை வீதியால் வந்த முஸ்லிம் பயணிகள் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். நம்மைப் போல வாகனத்தில் ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். ஒரே நாளில் இந்த மூன்று இடங்களையும் கடக்கிறோம். நமது ஆட்களுக்கு நடந்த இடத்தில் மட்டும் இறங்கி, மற்ற இடத்தில் யன்னலை மூடிக்கொண்டு போவது அரைப் பிரயாணம் என்பது என் கருத்து. இறங்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தவும் வேண்டாம். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு ராத்தா மகிழடித்தீவில் எங்களோடு இறங்கி நின்றார். ஒன்றும் பேசவில்லை. திரும்ப ஏறும்போது பக்கத்தில் இருந்த அம்மாவுக்குத் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர் ஆலயம். போர்த்துக்கேயர் வந்தபோது கல்நந்தி எழுந்து புல் தின்று சாணம் போட்டதாகச் சொல்லும் கதையை அங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வயதான பெண்ணிடம் கேளுங்கள், கதை நீளும். இருபது பெண்கள் சேர்ந்து போனால் இரண்டு மூன்று பேருக்கு மாதவிலக்கு நாளாக இருக்கும். அவர்கள் கோயிலுக்குள் வரத் தயங்குவார்கள். வெயிலில் வானுக்குள் அவர்களைக் குந்த வைத்துவிட்டு மற்றவர்கள் ஆறுதலாகத் தரிசனம் செய்வது சரியில்லை. இரண்டு பேர் அவர்களோடு வெளியே மர நிழலில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். வெளியே இருந்தவர்களின் சிரிப்புச் சத்தம் உள்ளே கேட்டு, நாங்கள் விரைவாக வெளியே வந்த நாளும் உண்டு.

மத்தியானச் சாப்பாட்டை நகரத்திலிருந்து பார்சல் கட்டிக்கொண்டு போகவே வேண்டாம். படுவான்கரையில் ஒரு வீட்டில் முதலே சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று பேசி, காசை அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். சோறு, இறால் கறி, முருங்கைக்காய், கூனிச் சுண்டல், கடைசியில் முட்டித் தயிர். கூனியை நகரத்துக் கடையில் வாங்கிச் சுண்டினால் இந்த ருசி வராது. சாப்பிட்ட பிறகு பன்பாய் இழைக்கும் பெண்களைப் பார்க்கக் கேளுங்கள். பன்னை வெட்டி, காய வைத்து, சாயம் போட்டு இழைத்து முடிக்கும் வேலையைப் பார்த்தவர்கள் பிறகு பாய்க்கு விலை குறைத்துக் கேட்பதில்லை.

தெற்கே போகப் போக பழுகாமம், போரதீவு, வெல்லாவெளி என்று வயலும் குளமுமாக வீதி போகும். பழுகாமத்தில் திரௌபதி அம்மன் கோயில். அங்கிருந்து மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று சொல்லும் மண்டூர் முருகன் கோயிலில், கதிர்காமத்தைப் போலவே கப்புகனார் வாயைத் துணியால் கட்டித் திரைக்குப் பின்னால் பூசை செய்வார். திருவிழாவில் சிறுமிகள் ஆலாத்தி எடுப்பது இந்தக் கோயிலின் தனி வழக்கம். அவர்கள் பெரியபிள்ளையானதும் அந்த இடம் அடுத்த சிறுமிக்குப் போய்விடும். சிறுவயதில் ஆலாத்தி எடுத்த ஒரு பெண் அதைச் சொல்லும்போது, முதல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் சொல்வதைப் போலவே இருந்தது.

மண்டூரிலிருந்து திரும்பும்போது வானைப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நீங்கள் குருமண்வெளிக்குப் பாதையில் கடவுங்கள். பாதை ஓடுகிறதா, கடைசிப் பயணம் எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே விசாரியுங்கள். அந்தத் துறைக்குப் பாலம் வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளினதும் ஆசிரியைகளினதும் நீண்ட காலக் கோரிக்கை. நமக்கு அழகான பிரயாணம்; மழை நாளில் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவருக்கு அப்படியல்ல. என்றாலும் நடு ஆற்றில் இரண்டு கரையையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான். ஆரையம்பதி மாமி அங்கே நின்று, "இவ்வளவு தூரந்தானா!" என்றார்.

குருமண்வெளியிலிருந்து களுவாஞ்சிகுடி மிகக் கிட்ட. அங்கிருந்து தெற்கே கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு பாலங்களில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல் இரைச்சல். மருதமுனையில் கைத்தறிப் புடைவையும் சாரமும் தறி இருக்கும் இடத்திலேயே வாங்கலாம். தறியில் இருப்பவரை மட்டும் பார்த்துவிட்டு வராமல், வீட்டுக்குள் நூல் சுற்றிக் கொடுக்கும் பெண்களோடும் பேசுங்கள். புடைவையின் விலையில் அவர்களுக்கு எவ்வளவு சேருகிறது என்று கேட்கலாம். கல்முனைக் கடைத்தெருவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வானில் இடம் இல்லாமல் போவதே அங்கேதான். நேரம் மிஞ்சினால் காரைதீவு வரை போய் விபுலாநந்தர் பிறந்த ஊரையும் கண்ணகி அம்மன் கோயிலையும் பார்க்கலாம். எங்களுக்கு இதுவரை ஒரு தடவைதான் மிஞ்சியது. திரும்பும் வழியில் களுதாவளையில் வெற்றிலை வாங்குங்கள். அனுமதி கொடுத்த மாமியாருக்கும் ஏதாவது கொண்டுபோக வேண்டுமே.

பாசிக்குடாவுக்கு இன்னொரு நாள் வேண்டும். வடக்கே போகும் வீதியும் லேசான வீதி அல்ல. 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம்களும், செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு ஊருக்கும் இடையில் சில கிலோமீற்றர்தான். வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் அதே செப்டம்பர் 5ஆம் திகதி கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த வாசலைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடும் ஒருவர் உங்கள் வானிலும் இருக்கக்கூடும். அவருக்கு யன்னல் பக்கத்து இடம் வேண்டுமா வேண்டாமா என்று கிளம்புமுன் கேளுங்கள்.

பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். யுத்தம் முடிந்த பிறகு கரையில் பெரிய ஹோட்டல்கள் வந்துவிட்டன, ஆனால் பொதுமக்கள் குளிக்கும் பகுதி இருக்கிறது. சனி, ஞாயிறும் விடுமுறை நாளும் வேண்டாம்; குடித்துவிட்டு வரும் கூட்டத்தின் நடுவே பெண்கள் குளிப்பது நிம்மதியாக இருக்காது. வேலை நாளில் காலை எட்டு மணிக்குப் போனால் கரை முழுவதும் உங்களுக்குத்தான். உடுப்பு மாற்றுவதற்குப் பழைய சாரம் இரண்டு கொண்டுபோங்கள். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கடல் அமைதி.

சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அக்கா, அதற்குப் பிறகு கடலில் கால் வைத்ததில்லை என்று கரையிலேயே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எழுந்து வந்து, கணுக்கால் அளவில் நின்றார். பிறகு எங்கள் குழுவின் இளைய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுக்கு வந்தார். "சூடாத்தான் கிடக்கு தண்ணி" என்றார். திரும்பி வரும்போது கிரானில் இறங்கித் தன் காசில் எல்லோருக்கும் தயிர் வாங்கிக் கொடுத்தார்.

இன்னும் ஒன்று எங்கள் திட்டத்தில் பாக்கி இருக்கிறது. மட்டக்களப்பின் பெருமை பாடும் மீன். நகரத்துச் சின்னங்களில் அதைப் பெண்ணுருவிலேயே வரைகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்க நிலவு நாளில் இரவு தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைக்க வேண்டும். எங்கள் குழுவில் 34 பேர். அதைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய கணவன்மாரிலும் சகோதரர்களிலும் கேட்டவர்கள் பலர். வருகிற வைகாசிப் பூரணைக்குக் கல்லடியில் மூன்று தோணி கேட்டிருக்கிறோம். எல்லோருக்கும் பாதுகாப்பு அங்கி வேண்டும் என்று தோணிக்காரரிடம் சொல்லியாயிற்று. இரவு பத்து மணிக்கு வீட்டில் கொண்டுபோய் விட வானும் பேசியாயிற்று. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 19 பேர். அதில் ஆரையம்பதி மாமியும் ஒருவர்.